நட்சத்திரங்கள் வரிசையில் நிற்கும் கடை

ரயில் பொம்மை, தபால்தலை, செஸ் போர்டு, மேஜிக் சாமான், கிடார் கம்பி… பொழுதுபோக்குக் கடைகளில் பெரிய மனிதர்கள் எதிர்ப்படுவது தற்செயலா?

அமெரிக்காவின் டென்வர் நகரைச் சுற்றியுள்ள பகுதியில், மாடல் ரயில் சாமான்கள் விற்கும் கடைக்குப் போன சிலருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. தண்டவாளத் துண்டு இருக்கிறதா, இந்த இன்ஜினுக்குச் சக்கரம் கிடைக்குமா என்று கேட்டால், அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வந்தவர் கேரி கோல்மன். எண்பதுகளில் வீட்டில் டி.வி. வைத்திருந்த எந்த அமெரிக்கருக்கும் அந்த முகம் அத்துப்படி. ‘டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்’ தொடரில் ஆர்னால்டு என்ற துடுக்குப் பையனாக 1978 முதல் 1986 வரை நடித்தவர். உச்சத்தில் ஓர் எபிசோடுக்கு 1 லட்சம் டாலர் வாங்கியவர். அவருக்கு ரயில் பொம்மைக் கடையில் என்ன வேலை?

பணக் கஷ்டம் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். கஷ்டம் இருந்தது உண்மைதான். சிறுநீரகக் கோளாறோடு பிறந்த பிள்ளை கேரி. இரண்டு முறை மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். நோயும் மருந்தும் சேர்ந்து அவர் உயரத்தை 4 அடி 8 அங்குலத்தில் நிறுத்திவிட்டன. சம்பாதித்தது கையில் தங்கவில்லை. 1989-இல் பெற்றோர் மீதும், பண விவகாரத்தைக் கவனித்துவந்த ஆலோசகர் மீதும் வழக்குப் போட்டார், 1993-இல் 12.8 லட்சம் டாலர் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அப்படியும் 1999-இல் திவால் மனு. 2003-இல் கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலில் நின்றார். அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் ஜெயித்த அதே தேர்தல்தான். 135 வேட்பாளர்களில் கேரிக்கு எட்டாம் இடம், 14,242 ஓட்டு. 2010-இல் 42 வயதில் இறந்துபோனார். ‘வீழ்ந்த குழந்தை நட்சத்திரம்’ என்று ஊர் அவரைப் பற்றிப் பேசி முடித்துவிட்டது.

மாடல் ரயில்காரர்களுக்குத் தெரிந்த கேரி வேறு ஆள். சின்ன வயதிலேயே ரயில் பித்து பிடித்தவர். குடியிருந்த வீடுகளிலெல்லாம் குட்டி ரயில் பாதை போட்டவர். எந்த ஊருக்குக் குடிபோனாலும் அங்குள்ள ரயில் கடையில் அவரைப் பார்க்கலாம். டென்வர் வட்டாரத்தில், அரிசோனாவின் டூசான் வட்டாரத்தில், கலிஃபோர்னியாவில் என்று பல கடைகளில் பகுதிநேர வேலையும் பார்த்தார். அந்தச் சாமான்களுக்கு நடுவில் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வெளியே எங்கே போனாலும், சிறுவனாக அந்தத் தொடரில் பேசிய ஒற்றை வசனத்தைப் பேசிக்காட்டச் சொல்லி ஜனங்கள் கேட்பார்கள். கடைக்குள் கேட்கப்படும் கேள்வி வேறு: “இந்த வளைவில் இந்த இன்ஜின் திரும்புமா?” அதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். கேரிக்குத் தெரிந்திருந்தது.

ஹாபி ஷாப்களில் பிரபலங்கள் எதிர்ப்பட்ட கதைகள் உலகம் முழுக்க உண்டு. கேட்கும்போது எல்லாம் அதிர்ஷ்டம்போலத் தோன்றும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நகைக்கடையும் கார் ஷோரூமும் ஆளைப் பார்க்கும். ஹாபி ஷாப் கையைப் பார்க்கும். உனக்கு என்ன தெரியும், என்ன செய்திருக்கிறாய், எதைத் தேடுகிறாய் என்பதுதான் அங்கே செலாவணி. புகழின் உச்சிக்குப் போனவர்கள் அங்கே வரிசையில் நிற்க வருவதும் அதனால்தான். யாரென்றே தெரியாத பையன்கள் அங்கிருந்து புகழுக்குப் புறப்படுவதும் அதனால்தான்.

ஹோட்டல் அறையில் ஒரு நகரம்

பாடகர் ராட் ஸ்டீவர்ட், லண்டனில் ஆர்ச்வே ரோட்டில் வளர்ந்தவர். அப்பா அம்மா பத்திரிகைக் கடை வைத்திருந்தார்கள். கடைக்கு மேலே வீடு. அங்கிருந்து பார்த்தால் ரயில் பாதை தெரியும். பின்னாளில் அந்தப் பையன் உலகப் புகழ்பெற்ற ராக் பாடகராகி, லாஸ் ஏஞ்சலிஸ் மாளிகையின் மேல்மாடியில் 1,500 சதுர அடியில் ஒரு நகரத்தையே கட்டினார். 1940-களின் அமெரிக்கத் தொழில் நகரம். பெயர் ‘கிராண்ட் ஸ்ட்ரீட் அண்ட் த்ரீ ரிவர்ஸ் சிட்டி’. வானளாவிய கட்டடங்கள், பாலங்கள், புகைபோக்கிகள், தெருவில் கார்கள். எல்லாம் ‘எச்.ஓ.’ ஸ்கேல், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. சராசரி உயரமுள்ள மனிதர் இந்த அளவில் 2 சென்டிமீட்டர்தான் இருப்பார்.

முடிக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2019-இல் பிரிட்டனின் ‘ரெயில்வே மாடலர்’ இதழ் அதைப் படங்களோடு வெளியிட்டபோதுதான் வேலையின் முழு அளவு வெளியே தெரிந்தது. கச்சேரிச் சுற்றுப்பயணம் போகும்போதுகூட ராட் வேலையை நிறுத்தவில்லை. ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுப்பார். கட்டிலை அப்புறப்படுத்திவிட்டு, பெயின்ட் வாடை போக மின்விசிறி வைத்துத் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ராத்திரி ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாட்டு. மறுநாள் பகலில் தனியாக உட்கார்ந்து குட்டிக் கட்டடத்துக்கு ஜன்னல் ஒட்டும் வேலை.

அந்த வேலையை அவர் விவரித்த விதத்தில் ஆள் யார் என்பது தெரிந்துவிடும். நடைபாதைக்கு முதலில் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். அதன்மேல் கொஞ்சம் கறுப்புச் சாக்கட்டித் தூள். பிறகு பென்சிலால் விரிசல் கீற வேண்டும். சாக்கடை ஓரத்தில் கொஞ்சம் குப்பை, இங்கே அங்கே துரு. இதற்கு ‘வெதரிங்’ என்று பெயர். வெயிலும் மழையும் பட்டுப் பழசான தோற்றத்தைக் கொண்டுவருவது. இது இல்லாவிட்டால் எத்தனை லட்சம் கொட்டி வாங்கினாலும் அது பொம்மை மாதிரிதான் இருக்கும். புதுக் கருக்கு அழியாத மாடலைப் பார்த்து இந்த வட்டாரத்துக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அதை வைத்திருப்பவர் பாடகராக இருந்தால் என்ன, பிரதமராக இருந்தால் என்ன?

அதனால்தான், ஆள் வைத்துக் கட்டியிருப்பார் என்று பி.பி.சி. வானொலியில் ஒரு பேச்சு வந்ததும் ராடுக்குப் பொறுக்கவில்லை. நிகழ்ச்சிக்குத் தானே போன் போட்டு, 90 சதவிகிதம் தன் கைவேலை என்றார். மின் இணைப்பு மட்டும் தனக்கு வராது, அதற்கு ஆள் வைத்தேன் என்று தானாகவே ஒப்புக்கொள்ளவும் செய்தார். உலகப் புகழ்பெற்ற பாடகர், தண்டவாளத்தைத் தொட்டதும் துடித்துப்போனார். அமெரிக்காவின் ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழின் அட்டையில் வந்ததை, இசைப் பத்திரிகைகளின் அட்டையில் வந்ததைவிடப் பெரிய கௌரவமாகச் சொன்னவர் அவர்.

இன்னொரு ராக் பாடகர், கனடாவில் பிறந்த நீல் யங். இவருடைய ரயில் ஆர்வம் ஒரு கம்பெனியை வாங்கும் அளவுக்குப் போனது. அவர் மகன் பென், மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர். பேச முடியாது, கைகள் சொன்னபடி கேட்காது. சின்னஞ்சிறு குமிழைத் திருகி ரயில் ஓட்டுவது பென்னால் ஆகிற காரியமா? பெரிய பொத்தானை அழுத்தினால் ரயில் ஓடும்படி தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாடுகளை நீல் யங் உருவாக்கத் தொடங்கினார். 1900-இல் தொடங்கப்பட்ட, அமெரிக்கக் குழந்தைகளுக்கு ரயில் என்றாலே நினைவுக்கு வருகிற லயனல் நிறுவனத்தை 1995-இல் ஒரு முதலீட்டுக் குழுவோடு சேர்ந்து வாங்கினார். மாடல் ரயில் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான காப்புரிமைகளில் அவர் பெயர் இருக்கிறது. கடைக்குப் போய் ரிமோட் வாங்கி வந்த எத்தனையோ அப்பாக்களுக்கு, அதற்குப் பின்னால் இன்னோர் அப்பா இருந்தது தெரிந்திருக்காது.

ஒரு ரயில் செட், ஒரு மேஜிக் கடை

1947 கிறிஸ்துமஸ் சமயத்தில் வால்ட் டிஸ்னி தனக்கென்று ஒரு லயனல் மின்சார ரயில் செட் வாங்கினார். அப்போது அவருக்கு 46 வயது. அதை அலுவலகத்திலேயே ஓட்டிப் பார்த்தார். அவருடைய ஸ்டுடியோவிலேயே வார்டு கிம்பால், ஆலி ஜான்ஸ்டன் என்று ரயில் பித்துப் பிடித்த ஓவியர்கள் இருந்தார்கள். 1948-இல் கிம்பாலைக் கூட்டிக்கொண்டு சிகாகோ ரயில் கண்காட்சிக்குப் போய்வந்தார். 1950-இல் தன் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற அளவில் நீராவி ரயில் விட்டார். நிஜ ரயிலில் எட்டில் ஒரு பங்கு அது. பாதையின் நீளம் ஏறக்குறைய அரை மைல். மனைவி லில்லியனின் பெயரை ஒட்டி இன்ஜினுக்கு ‘லில்லி பெல்’ என்று பெயர். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பூங்காவைச் சுற்றி ரயில் ஓடியது. ஊர் பார்க்கட்டும் என்று வாங்கிய ரயில் இல்லை அது. கடையில் வாங்கிய பொம்மையிலிருந்து வளர்ந்த ரயில்.

அதே டிஸ்னிலேண்டுக்குள் ‘மெர்லின்ஸ் மேஜிக் ஷாப்’ என்று ஒரு கடை. அங்கே கவுண்டருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் நின்று சீட்டுக்கட்டையும் தந்திரச் சாமான்களையும் விற்றான். அதற்கு முன் பூங்கா வாசலில் வழிகாட்டிப் புத்தகம் விற்றவன். ஒரே தந்திரத்தை நாள் முழுக்க, புதுப்புது ஆட்களுக்கு முன்னால் செய்துகாட்ட வேண்டும். எந்த வார்த்தைக்குச் சிரிக்கிறார்கள், எங்கே ஒரு நொடி நிறுத்தினால் இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள் என்று கணக்குப் பிடிபட்டது. பையனின் பெயர் ஸ்டீவ் மார்ட்டின். பிற்பாடு அமெரிக்காவின் பெரிய நகைச்சுவை நடிகர்களில் ஒருவராகி, மேடைக் காலத்தைப் பற்றி 2007-இல் எழுதிய நினைவு நூலில் இந்தக் கடை நாட்களுக்கு நிறைய இடம் கொடுத்தார். அன்று ஒரு தந்திரச் சாமானை வாங்கிக்கொண்டு போன சுற்றுலாப் பயணிகள், ஒரு கலைஞனின் ஒத்திகையைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

மேஜிக் கடைகளுக்கு எப்போதுமே ஒரு பின்கட்டு உண்டு. விற்பனை முன்னால், வித்தை பின்னால். நியூயார்க்கில் மார்ட்டிங்கா சகோதரர்களின் கடையின் பின்னறையில் மேஜிக்காரர்கள் கூடிக் கூடித்தான் 1902-இல் அமெரிக்க மேஜிக் கலைஞர்கள் சங்கமே பிறந்தது. கைவிலங்கிலிருந்தும் பூட்டிய பெட்டியிலிருந்தும் தப்பிக்கிற ஹூடினி, 1917 முதல் இறக்கும்வரை அந்தச் சங்கத்தின் தலைவர். 1919-இல் அந்தக் கடையையே விலைக்கு வாங்கினார். உலகமே வியந்து பார்த்த ஒருவர் கொஞ்ச காலம் மேஜிக் கடை முதலாளி.

ஆறு ஷில்லிங் பையன்

பெரிய மனிதர் வருவது ஒரு வகை. பெரிய பொருளோடு சாதாரண மனிதர் வருவது இன்னொரு வகை. தபால்தலை வியாபாரத்தில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் வில்லியம் கிப்பன்ஸ் என்பவருக்கு மருந்துக் கடை. மகன் ஸ்டான்லி அப்பா கடையிலேயே ஒரு மூலையில் தபால்தலை விற்க ஆரம்பித்தான். 1863-இல் இரண்டு மாலுமிகள் ஒரு மூட்டையோடு வந்தார்கள். நன்னம்பிக்கை முனையில் குலுக்கலில் கிடைத்ததாம். அவிழ்த்துக் கொட்டினால் ஆயிரக்கணக்கில் முக்கோணத் தபால்தலைகள். 5 பவுண்டு கொடுத்து ஸ்டான்லி வாங்கிக்கொண்டார். விற்று 500 பவுண்டு லாபம் பார்த்தார் என்பது அந்தக் கம்பெனி வழிவழியாகச் சொல்லிவரும் கதை. ‘ஸ்டான்லி கிப்பன்ஸ்’ 1874-இல் லண்டனுக்குப் போய், பிறகு ஸ்ட்ராண்ட் தெருவில் கால் ஊன்றியது. 1914-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கீகாரம் கிடைத்தது. மன்னரே தீராத தபால்தலைப் பிரியர்; சக்கரவர்த்தியும் அங்கே ஒரு வாடிக்கையாளர்தான்.

இதற்கெல்லாம் மகுடம் வைத்த கதை, தென் அமெரிக்காவில் அன்று பிரிட்டிஷ் கயானாவாக இருந்த ஊரில் நடந்தது. 1873-இல் வெர்னன் வாகன் என்ற 12 வயதுப் பையன், மாமா வீட்டுப் பழைய காகிதங்களில் 1856-ஆம் ஆண்டுத் தபால்தலை ஒன்றைக் கண்டெடுத்தான். மெஜந்தா நிறக் காகிதத்தில் கறுப்பு அச்சு, மதிப்பு ஒரு சென்ட், மூலைகள் வெட்டுப்பட்டிருந்தன. பார்க்க லட்சணமாக இல்லை. நல்லதாக வேறு வாங்கலாம் என்று, உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவரிடம் 6 ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அதற்கு ஜோடி இன்றுவரை உலகில் எங்கும் அகப்படவில்லை.

அங்கிருந்து கைமாறி, பாரிஸில் இருந்த ஃபெராரி பிரபுவிடம் போனது. அவர் வாழ்ந்த வீடு இன்று பிரான்ஸ் பிரதமரின் இல்லம். பட்டம் பதவியெல்லாம் வேண்டாம் என்று தபால்தலைக் கடைகளைச் சுற்றிவந்தவர். கேட்ட விலையைக் கொடுப்பார் என்று தெரிந்து போலிகளையும் அவர் தலையில் கட்டினார்கள். அந்தப் போலிகளுக்கு அவர் பெயரை வைத்தே ஒரு கேலிப்பெயர் வழங்கியது. 1917-இல் அவர் இறந்ததும், எதிரி நாட்டவர் சொத்து என்று பிரான்ஸ் அரசு அவர் சேகரிப்பைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டது. 1922-இல் அந்த ஒரு சென்ட் தபால்தலையை அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்தர் ஹிண்ட் 35,000 டாலருக்கும் மேல் கொடுத்து எடுத்தார். 2014-இல் காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன் 94.8 லட்சம் டாலருக்கு வாங்கினார். 2021-இல் அதை 83 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது யார்? மருந்துக் கடை மூலையில் தொடங்கிய அதே ஸ்டான்லி கிப்பன்ஸ்.

இன்று நம் கையில் இருக்கிற அறிவை வைத்து அந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் குப்பையில் கிடந்ததை எடுத்து, இது ஆல்பத்தில் இல்லாத சரக்கு என்று கண்டுகொண்டவன் அவன்தான். விலைதான் தெரியவில்லை, கண் இருந்தது.

ஒரே வட்டாரம், இரண்டு கடைகள்

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ். 1957-இல் மெக்டூகல் தெரு 110-ஆம் எண்ணில் இஸ்ரேல் யங் என்பவர் ‘ஃபோக்லோர் சென்டர்’ என்று ஒரு கடை போட்டார். ஊரே இஸ்ஸி என்று கூப்பிடும். நாட்டுப்புறப் பாடல் புத்தகம், இசைத்தட்டு, கிடார், கம்பி எல்லாம் கிடைக்கும். வியாபாரத்தைவிட அரட்டை அதிகம் நடந்த கடை. 1961 ஜனவரியில் மினசோட்டாவிலிருந்து வந்த 19 வயதுப் பையன் ஒருவன் அங்கேயே பழியாகக் கிடந்தான். பின்னறையில் உட்கார்ந்து இசைத்தட்டு கேட்பான், பாட்டு எழுதுவான். கிரீனிச் வில்லேஜின் நாட்டுப்புற இசை வட்டத்தில் பெரிய ஆளான டேவ் வான் ராங்க்கை அவன் சந்தித்ததும் அங்கேதான்.

கையில் காசில்லாத வாடிக்கையாளரைக் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? இஸ்ஸி அவனுக்குக் கச்சேரி ஏற்பாடு செய்தார். 1961 நவம்பர் 4, கார்னகி ஹால் கட்டடத்தில் உள்ள சிறிய அரங்கம். வந்தவர்கள் 53 பேர். இஸ்ஸிக்குக் கைநட்டம். பாடியவர் பாப் டிலன். 55 ஆண்டுகள் கழித்து இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். இஸ்ஸி 1973-இல் ஸ்வீடனுக்குப் போய், ஸ்டாக்ஹோமிலும் அதே மாதிரி ஒரு கடையைத் தொடங்கினார். பட்டும் திருந்தவில்லை என்று சிலர் சொல்லியிருக்கலாம்.

அதே கிரீனிச் வில்லேஜில் சில தெருக்கள் தள்ளி, நிக்கோலஸ் ரொசோலிமோவின் செஸ் ஸ்டுடியோ. செஸ் போர்டும் காய்களும் வாங்கலாம். ஒரு காபியோடு உட்கார்ந்து ஆடலாம். கொஞ்சம் காசு கொடுத்தால் முதலாளியோடும் ஆடலாம். முதலாளி 1953-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றவர்! கீவ் நகரில் பிறந்து, பிரான்ஸ் சாம்பியனாகி, அமெரிக்கா வந்தவர். 1955 யு.எஸ். ஓப்பனில் ஜெயித்ததற்குப் பரிசாக ஒரு பியூக் கார் கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்காவில் செஸ் சோறு போடாது. ஹோட்டலில் பரிமாறினார், அக்கார்டியன் வாசித்தார், டாக்ஸி ஓட்டினார். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த எத்தனை பேருக்கு, வண்டி ஓட்டுகிறவர் செஸ் வரலாற்றில் பெயர் பொறித்தவர் என்று தெரிந்திருக்கும்?

அந்தப் பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சிசிலியன் தற்காப்பின் ஒரு கிளையில் மூன்றாவது நகர்த்தலாக வெள்ளை பிஷப்பை பி5-க்குக் கொண்டுபோனால் அது ‘ரொசோலிமோ’. 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டோடு மோதிய உலக சாம்பியன் போட்டியில் நம் விஸ்வநாதன் ஆனந்த் இதை ஆடினார். 2018-இல் கார்ல்சனை எதிர்த்துக் கருவானா திரும்பத் திரும்ப ஆடினார். சென்னையில் செஸ் வகுப்புக்குப் போகும் வாண்டுகள்கூட ‘ரொசோலிமோ’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அது ஒரு டாக்ஸி டிரைவர் பெயரும்தான்.

வெறுங்காலோடு வந்தவர்

எழுபதுகளில் கம்ப்யூட்டரும் ஒரு ஹாபிதான். சர்க்யூட் போர்டும் சிப்பும் தனித்தனியாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து பற்றவைப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகக் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் பால் டெரல் 1975-இல் ‘பைட் ஷாப்’ திறந்தார். 1976-இல் 21 வயது இளைஞர் ஒருவர் வெறுங்காலோடு கடைக்குள் வந்தார். நண்பர் உருவாக்கிய சர்க்யூட் போர்டை விற்க வேண்டுமாம். ஸ்டீவ் ஜாப்ஸ். நண்பர் ஸ்டீவ் வாஸ்னியாக்.

டெரல் சொன்னது: வெறும் போர்டு வேண்டாம், பாகங்களை முழுக்கப் பொருத்திக் கொடுத்தால் 50 எடுத்துக்கொள்கிறேன், ஒன்றுக்கு 500 டாலர். மொத்தம் 25,000 டாலர். ஆர்டரைக் காட்டி 30 நாள் கடனில் உதிரிபாகம் வாங்கி, ஜாப்ஸின் வீட்டில் உட்கார்ந்து எல்லாருமாகப் பொருத்தினார்கள். கொண்டுவந்து இறக்கியபோது டெரலுக்கு முகம் சுருங்கியிருக்கும். பெட்டி இல்லை, கீபோர்டு இல்லை, திரை இல்லை. ஆனாலும் பேசியபடி பணம் கொடுத்தார். கடையில் அதன் விலை 666 டாலர் 66 சென்ட். அந்த ‘ஆப்பிள்-1’ ஒன்றை 2014-இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு ஏலம் எடுத்தது.

ஆப்பிளின் முதல் பெரிய ஆர்டர் ஒரு ஹாபி கடைக்காரர் கொடுத்தது. காலைப் பார்த்திருந்தால் அன்றே அனுப்பியிருப்பார். அவர் போர்டைப் பார்த்தார்.

நம்மூரில்…

சென்னைக்காரர்களுக்கு இப்படிப்பட்ட இடம் என்றால் முதலில் வாயில் வருவது மூர் மார்க்கெட். 1900-இல் திறந்து, 1985 மே மாதத் தீயில் அழிந்துபோன அந்தச் செங்கல் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, நாணயம், கிளி, முயல் என்று கிடைக்காதது இல்லை. புத்தகக் குவியலுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டால் பேராசிரியரும் ஒன்றுதான், பள்ளிக்கூடப் பையனும் ஒன்றுதான். வேட்டி நுனியில் தூசி ஒட்டாமல் அங்கிருந்து யாரும் எழுந்ததில்லை. 1842-இல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கிற மியூசி மியூசிக்கலில் இன்றும் முதல் கிடார் வாங்க வரும் மாணவனும், மேடையில் ஊர் அறிந்த வித்வானும் ஒரே கவுண்டரில்தான் கம்பி கேட்க வேண்டும்.

இந்த விஷயத்தில் தமிழ் வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர் நடிகர் அஜித்குமார். ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்கள் அவருடைய நெடுநாள் பொழுதுபோக்கு. 2018-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு ஆலோசகராகவும் சோதனை விமானியாகவும் இருந்தார். ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது. நட்சத்திரத்தைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொல்வது கல்லூரிகளுக்கு வழக்கம். இங்கே அவருக்குக் கொடுத்தது ரிமோட். காற்றடிக்கும்போது விமானத்தைத் தரையிறக்குவதற்குப் பேர் உதவாது, விரல்தான் உதவும்.

கடைக்காரர் என்ன செய்தார்?

இந்தக் கதைகளில் நாம் நினைவு வைத்துக்கொள்வது டிலனையும் ஜாப்ஸையும்தான். ஆனால் ஒவ்வொரு கதையிலும் திருப்பத்தை உண்டாக்கியவர் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர். இஸ்ஸி அரங்கம் பிடித்தார். டெரல் ஆர்டர் கொடுத்தார். ஸ்டான்லி மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். டென்வரில் யாரோ ஒரு முதலாளி, டி.வி. நட்சத்திரம் என்று பார்க்காமல், ரயில் தெரிந்தவர் என்று கேரிக்கு வேலை கொடுத்தார்.

இன்று அதே சாமான் எல்லாம் போனில் கிடைக்கிறது, விலையும் குறைவு. வாடகை கட்டுப்படியாகாமல் இப்படிப்பட்ட கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஆன்லைனில் வாங்கினால் ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று காட்டும். வாங்கியவரைக் காட்டாது. நான்கு பேர் கேட்க ஒரு கேள்வி கேட்டு, பக்கத்தில் நிற்கிற ஐந்தாவது ஆள் பதில் சொல்லி, அவர் யார் என்று வெளியே வந்த பிறகு தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதில் இல்லை. இழப்பு பிரபலங்களைப் பார்க்க முடியாமல் போவதில் இல்லை. வெறுங்காலோடு வருகிற 21 வயதுக்காரரின் போர்டை வாங்கிப் பார்த்து ‘ஐம்பது கொண்டுவா’ என்று சொல்ல ஆள் இல்லாமல் போவதில்தான் இருக்கிறது.

இருக்கிற கடைகளுக்காவது போய்வருவோம். அங்கே தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் போனை எடுத்து செல்ஃபி கேட்கத்தான் கை பரபரக்கும். அதற்கு முன், “என்ன ஸ்கேல்ல பண்றீங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். செல்ஃபி என்றால் அரை நிமிடத்தில் நழுவிவிடுவார்கள். இந்தக் கேள்விக்குக் கடை மூடும்வரை பதில் சொல்வார்கள்.